விற்ற காசு வேறு, மிஞ்சிய காசு வேறு

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் தவிர்த்துவிட்டேன். தொகைகளை மட்டும் கணக்குப் பார்க்க வசதியாக முழு ஆயிரங்களாக்கியிருக்கிறேன்.

மூன்று வருடங்களாக பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை, சுடிதார், பிள்ளைகளின் உடுப்பு விற்கிறார். புறக்கோட்டை கெய்சர் வீதியில் மொத்தமாக வாங்கி வந்து, லயத்து வீட்டின் முன்னறையில் அடுக்கி வைத்துப் படம் பிடித்துப் போடுகிறார். வெளியூர் பார்சல்கள் கூரியரில் போகின்றன. வாடிக்கையாளர் பொருளைக் கையில் வாங்கும்போது பணம் கொடுக்க, கூரியர்காரர்கள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை இவருடைய சேமிப்புக் கணக்கில் போடுகிறார்கள். தோட்டத்துப் பெண்களுக்குக் கைக்காசுக்கும் கடனுக்கும் கொடுக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் கணவர் மாதம் 35,000 ரூபாவை அதே கணக்குக்கு அனுப்புகிறார்.

இந்த நிலையில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. 2025/2026 மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை, அதாவது வருமானக் கணக்கை எழுதி அனுப்பும் படிவத்தை, கேட்கும் கடிதம் அது. சிங்களத்தில் இருந்ததால் பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு வாசித்திருக்கிறார். வங்கிப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருடத்தில் 34 இலட்சம் ரூபா வந்திருக்கிறது. 18 இலட்சத்துக்கு மேல் வரி என்று கேள்விப்பட்டு, தானே கணக்குப் போட்டு, 1 இலட்சத்து 74,000 ரூபா கட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். “அவ்வளவு காசை நான் கண்ணாலும் கண்டதில்லை, எங்கே போவேன்?” என்று எழுதியிருக்கிறார். கணக்கை மூடிவிட்டு அம்மாவின் பெயரில் புதிதாகத் திறக்கச் சொல்கிறார் மைத்துனர். கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறார் நாத்தனார்.

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தைக் கிழிக்காதீர்கள், கணக்கையும் மூடாதீர்கள். நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கங்களையும் வங்கி விபரங்களையும் ஒரு மாலை முழுவதும் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவற்றின்படி இந்த ஆண்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

நீங்கள் போட்ட வரிக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. 34 இலட்சத்தில், ஒருவருக்கு வரி விதிக்காமல் விடும் தொகையான தனிநபர் நிவாரணம் 18 இலட்சத்தைக் கழித்தீர்கள். மிச்சம் 16 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், கடைசி 1 இலட்சத்துக்கு 24 வீதம் என்று 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வீதங்களைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். பலர் பழைய காணொளிகளைப் பார்த்து 12 இலட்சம் என்ற முந்தைய நிவாரணத்தையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அதிலும் ஏமாறவில்லை. பிழை தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. வங்கியில் விழுந்த காசு முழுவதையும் வருமானம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

34 இலட்சத்தில் உங்களுடையது எவ்வளவு?

முதலில் கடைக்குச் சம்பந்தமில்லாத காசை எடுத்து வெளியே வைப்போம். கணவர் வீட்டுச் செலவுக்கு அனுப்பியது 12 மாதங்களுக்கு 4 இலட்சத்து 20,000 ரூபா. அது அவருடைய சம்பளம். வரி என்று ஒன்று இருந்தால் அவருடைய கையில்தான் வரும். இலங்கையில் கணவன் மனைவிக்கு வரிக் கணக்கு தனித்தனி. அடுத்து, ஆடி மாதம் விழுந்த சீட்டுக் காசு 1 இலட்சத்து 80,000 ரூபா. மாதா மாதம் நீங்களே கட்டிய பணம் திரும்பி வந்திருக்கிறது. இரண்டையும் நீக்கினால், கூரியர்காரர்கள் போட்டதாக 28 இலட்சம் நிற்கிறது.

இப்போது எதிர்ப்பக்கம் போக வேண்டும். அந்த 28 இலட்சம் கூரியர் கட்டணம் 2 இலட்சத்து 50,000 ரூபாவைக் கழித்த பிறகு வந்த தொகை. கணக்கில் முழு விற்பனையான 30 இலட்சத்து 50,000 ரூபாவை விற்பனைப் பக்கத்திலும், கட்டணத்தைச் செலவுப் பக்கத்திலும் எழுத வேண்டும். முடிவுத் தொகை ஒன்றுதான் என்றாலும் இப்படி எழுதினால்தான் கூரியர் அறிக்கையும் உங்கள் கொப்பியும் ஒத்துப்போகும். கூடவே, தோட்டத்துப் பெண்களிடம் கையில் வாங்கிய 2 இலட்சம் ரூபா. “பேங்குக்குப் போகாத காசையும் எழுத வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதத்தான் வேண்டும். ஆக மொத்த விற்பனை 32 இலட்சத்து 50,000 ரூபா.

விற்ற உடுப்புக்கு என்ன விலை கொடுத்தீர்கள்? இங்கேதான் சிறு கடைக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வருடம் முழுவதும் வாங்கியதை அப்படியே கழிக்க முடியாது. ஏப்ரல் 1ஆம் திகதி முன்னறையில் இருந்த சரக்கு 3 இலட்சம், வருடத்தில் வாங்கியது 21 இலட்சத்து 50,000 (வீட்டுக்கென்று நீங்கள் எடுத்துக்கொண்ட இரண்டு சேலைகளின் விலையை நீக்கிவிட்டேன்). இரண்டையும் கூட்டி, மார்ச் 31ஆம் திகதி விற்காமல் மிஞ்சிய 3 இலட்சத்து 50,000 ரூபாச் சரக்கைக் கழித்தால், விற்ற பொருளின் விலை 21 இலட்சம் வருகிறது. மொத்த இலாபம் 11 இலட்சத்து 50,000 ரூபா.

இனிச் செலவுகள். கூரியருக்கு 2 இலட்சத்து 50,000. பார்சல் பைகளுக்கும் பசை நாடாவுக்கும் 45,000. பேஸ்புக் விளம்பரத்துக்கு 90,000. கடைக்கென்று பிரித்தெடுத்த தொலைபேசி, டேட்டா பங்கு 30,000. கொழும்புக்குப் போய்வந்த பஸ், ரயில், மூட்டைக் கூலி 60,000. நீங்கள் எழுதாமல் விட்ட இரண்டையும் சேர்க்கிறேன். 1 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய மடிக்கணினியின் விலையை ஐந்து வருடங்களுக்குப் பிரித்துக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது; இந்த வருடத்துக்கு 20,000. அடுத்தது அடகு வட்டி. நகையை 4 இலட்சத்துக்கு வைத்து, 3 இலட்சத்துக்குத் தீபாவளிச் சரக்கு எடுத்து, 1 இலட்சத்தைத் தம்பியின் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வட்டி 60,000 கட்டியிருக்கிறீர்கள். கடனில் முக்கால் பங்கு கடைக்குப் போனதால் வட்டியிலும் முக்கால் பங்கு, அதாவது 45,000 ரூபா, கடையின் செலவு. அடகுச் சீட்டையும் அந்த வாரத்துச் சரக்குப் பில்களையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். கேள்வி வந்தால் பதில் அந்தக் கட்டுக்குள் இருக்கும்.

செலவு எல்லாம் சேர்ந்து 5 இலட்சத்து 40,000 ரூபா. மிஞ்சிய உங்கள் வருமானம் 6 இலட்சத்து 10,000 ரூபா. நிவாரணமோ 18 இலட்சம்.

நாளைக்குக் கடை வளர்ந்து இலாபமே 20 இலட்சத்தைத் தொட்டாலும், மேலதிகமான 2 இலட்சத்துக்கு 6 வீதம், 12,000 ரூபாதான் வரும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “இனிமேல் குறைவாக விற்கலாம் என்று நினைக்கிறேன்” என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது மனம் கனத்தது. கொழுந்துக் கூடையைத் தவிர வேறு வழி காணாத ஒரு லயத்தில் இருந்துகொண்டு நீங்களாகவே கட்டியெழுப்பிய கடை இது. தவறான இடத்தில் தொடங்கிய ஒரு கணக்குக்காக அதைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள்.

கொப்பியில் திருத்த வேண்டியவை

மாதம் 15,000 ரூபாவை “என் சம்பளம்” என்று செலவில் எழுதியிருக்கிறீர்கள். உழைப்புக்கு மதிப்பு வைத்தது நியாயம்தான். ஆனால் தனி ஒருவரின் கடையில் உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் பணம் செலவாகாது. இலாபத்திலிருந்து எடுத்ததாகவே கருதப்படும். ஆகவே அதை நான் சேர்க்கவில்லை. வீட்டு மின்கட்டணத்தை முழுவதுமாகப் போட்டிருந்ததையும் விட்டுவிட்டேன். வீடும் கடையும் ஒரே அறையில் இருக்கும்போது, நியாயமாகப் பிரித்துக் காட்டக்கூடிய பங்கை மட்டுமே எழுதலாம்.

கெய்சர் வீதியில் சில கடைகள் துண்டுத் தாளில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுக்கின்றன. பில் கேட்டுப் பழகுங்கள். தராத கடையாக இருந்தால் அந்தத் துண்டின் பின்புறத்தில் திகதி, கடை, என்ன துணி, எத்தனை என்று அன்றைக்கே பஸ்ஸில் வரும்போது எழுதிவிடுங்கள். முடிந்தவரை வங்கி மாற்றத்தில் பணம் கொடுத்தால் அதுவே ஒரு சாட்சி. பேஸ்புக் விளம்பரத்துக்கான பற்றுச்சீட்டை விளம்பரக் கணக்கிலிருந்தே தரவிறக்கிக்கொள்ளலாம்.

கடனுக்குக் கொடுத்ததை விற்ற நாளில் எழுதுவதா, பணம் வந்த நாளில் எழுதுவதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கொப்பி இதுவரை பணம் வந்த நாளையே பின்பற்றியிருக்கிறது. அப்படியே தொடருங்கள், ஒரு மாதம் ஒரு விதமாகவும் மறு மாதம் வேறு விதமாகவும் எழுதினால்தான் சிக்கல்.

கடைக்கென்று தனி வங்கிக் கணக்கொன்றை இந்த மாதமே திறந்துவிடுங்கள். கூரியர் பணம் அதில் மட்டும் வரட்டும், சரக்குக்கான பணம் அதிலிருந்து மட்டும் போகட்டும். கணவரின் காசும் சீட்டுக் காசும் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். இவ்வளவு அச்சமும் ஒரே புத்தகத்தில் எல்லாம் கலந்ததால் வந்தது. கடைக்கு ஒரு பெயர் வைத்து நடத்துவதால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவையும் முடித்துக்கொள்ளுங்கள். வாட் வரியைப் பற்றிய கவலை வேண்டாம். அதன் எல்லை கோடிக் கணக்கில் இருக்கிறது.

அம்மாவின் பெயருக்கு மாற்றலாமா?

மைத்துனர் உங்கள் நன்மைக்காகவே சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனை, இல்லாத சிக்கலைத் தீர்க்கப்போய் இருக்கும் இரண்டு பேரையும் சிக்கவைத்துவிடும். நீங்கள் செய்யும் வியாபாரத்தின் வருமானம் யாருடைய கணக்கில் விழுந்தாலும் சட்டத்தின் கண்ணில் உங்களுடையதே. தெரிந்தே மறைத்தால் அது வரி ஏய்ப்பு என்ற குற்றமாகிவிடும். வரியே இல்லாத இடத்தில் குற்றத்தைத் தேடிப் போவானேன்? அம்மா அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கணக்கில் இலட்சக்கணக்கில் காசு புரள்வது தெரிந்தால், அந்தக் கொடுப்பனவே கேள்விக்குள்ளாகலாம். வயதுபோன காலத்தில் அவரை விசாரணைக்கு அலையவிடாதீர்கள்.

நாத்தனார் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. வரி செலுத்துனர் இலக்கம் எடுத்துவிட்டால் வரி கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. வரி எதுவும் செலுத்த வேண்டியிராத ஒருவர் வழக்கமாக விபரத்திரட்டு அனுப்ப வேண்டியதுமில்லை. ஆனால் திணைக்களம் எழுத்தில் கேட்டுவிட்டால் நிலைமை வேறு. உங்களிடம் கேட்டுவிட்டார்கள், அனுப்பத்தான் வேண்டும். அனுப்பாவிட்டால் வரியே இல்லாவிட்டாலும் தண்டம் 50,000 ரூபாவில் தொடங்கி மாதா மாதம் ஏறக்கூடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விபரத்திரட்டு வராதபோது அதிகாரி தன்னிடம் உள்ள தகவலை வைத்து மதிப்பீடு செய்யலாம். அவரிடம் இருக்கப்போவது உங்கள் வங்கிக் கணக்கின் 34 இலட்சம். நீங்கள் பயந்து போட்ட அதே கணக்கை அவரும் போட நேரலாம். அப்படி ஒரு மதிப்பீடு வந்தால் 30 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பிழை என்று காட்டும் பொறுப்பும் உங்கள் தலையில் வந்துவிடும்.

விபரத்திரட்டை அனுப்பும்போது

2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான ஆண்டுக்கு 2026 நவம்பர் 30 கடைசி நாள். தீபாவளி நவம்பரில் வருகிறது. பார்சல் கட்டவே உங்களுக்குக் கை போதாது. அதனால் ஓகஸ்ட் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சொத்து, கடன் விபரமும் கேட்பார்கள். நகை, சேமிப்பு, மடிக்கணினி, சரக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். அடகுக் கடனையும் எழுதுங்கள். நீங்கள் இருக்கும் லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால் அது உங்கள் சொத்துப் பட்டியலில் வராது.

வங்கி உங்கள் சேமிப்பு வட்டியில் 10 வீதத்தைப் பிடித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வட்டியும் உங்கள் வருமானம்தான். சிறு தொகை என்பதால் முடிவு மாறாது, ஆனாலும் எழுதுங்கள். பிடித்த வரியைத் திருப்பிக் கேட்கலாம். மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று உங்கள் வரி இலக்கத்தோடு வங்கிக்கு ஒரு பிரகடனம் கொடுத்தால் இனிமேல் பிடிக்கவும் மாட்டார்கள்.

நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் படிவம் நிரப்பித் தருவார்கள் என்றால் தட்டச்சு உதவிக்கு மட்டும் போங்கள். விபரத்திரட்டை இணையத்தில் அனுப்பப் பயன்படும் உங்கள் இரகசிய இலக்கத்தை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். மின்னஞ்சல் முகவரியும் கைபேசி இலக்கமும் உங்களுடையதாகவே பதியப்பட்டிருக்க வேண்டும். கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டுப் பதிவு செய்த பலர், அறிவித்தல் வந்ததே தெரியாமல் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். உங்களுக்கு இது இன்னும் முக்கியம். தோட்டக் காரியாலயத்துக்கு வந்த கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகியிருக்கிறது. ஆட்சேபனைக்குக் கிடைப்பது 30 நாட்கள் என்றால், அதில் மூன்று வாரத்தைக் காரியாலய மேசையில் இழக்க முடியுமா? வீட்டுக்கு வீடு முகவரி இல்லாத குறை நம் மக்களுக்கு எத்தனை விதத்தில் கேடாகிறது என்பதை என் தொழிலில் வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

கடிதம் விளங்கவில்லை என்று வெட்கப்படவும் வேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. “இனிமேல் எனக்குத் தமிழில் அனுப்புங்கள்” என்று வரி இலக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிப் போடுங்கள். சந்தேகம் என்றால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேசக்கூடியவரைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: “கொப்பி அழுக்காக இருக்கிறது, புதுக் கொப்பியில் அழகாக எழுதி வைக்கவா?” வேண்டாம். தீபாவளிக்கு முந்திய வாரத்துப் பக்கம் என் முன்னால் இருக்கிறது. “சிவப்பு சுடிதார் 2, மேல் டிவிஷன், 10ஆம் திகதி தரும்” என்று நீல மையில் எழுதி, பிறகு கறுப்பு மையில் குறுக்கே கோடு போட்டு “வந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் தேநீர்க் கறை. அன்றன்றைக்கு எழுதிய கணக்கு என்பதற்கு அந்தக் கறையும் இரண்டு நிற மையும் சொல்லும் சாட்சியை, ஒரே இரவில் ஒரே பேனாவால் எழுதிய புதுக் கொப்பி சொல்லாது. பழையதை அப்படியே ஐந்து வருடம் வைத்திருங்கள். கூரியர்காரர்கள் தரும் வழவழப்பான பில்கள் சில மாதங்களில் வெளுத்துவிடும். நம் பக்கத்து ஈரத்துக்குத் தாளும் பூஞ்சணம் பிடிக்கும். எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து ஒரு பிரதியைக் கணவரின் கைபேசிக்கும் அனுப்பிவிட்டு, கொப்பியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள்.